5 யூரோ டிக்கெட், 38 டிகிரி வெயில்: பிரான்ஸ்ல தியேட்டர் தியேட்டரா ஒரு பயணம்

ஜூன் 28, 2025, சனி. ரென் – பாரிஸ்

பிரான்ஸோட மேக்கால ரென்னுன்னு ஒரு ஊர், அங்கதான் வேலை பாக்கறேன். வந்ததுல இருந்து தமிழ்ப் படம்னா லேப்டாப், ஹெட்ஃபோன், சாத்தின கதவு, அவ்வளவுதான். எங்க பில்டிங்ல சுவரெல்லாம் மெலிசு, ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் போடக்கூடாது, அதனால காமெடி சீன்ல கூட வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சுப் பழகிட்டேன். இந்த லீவுல ஈஃபில் டவரும் வேண்டாம் மியூசியமும் வேண்டாம், போற ஊர்லயெல்லாம் படம் மட்டும்தான்னு முடிவு பண்ணிக் கிளம்பியாச்சு. பாரிஸ், லியோன், கடைசியா தெக்க கடலோரத்துல லா சியோத்தா.

ரென்ல இருந்து பாரிஸ் ஒன்றரை மணி நேரம்தான். ஆனா இறங்கினதும் மூஞ்சில அடிச்ச சூடு இருக்கே, மே மாசம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கற மாதிரி இருந்துச்சு. இங்க வீடுகள்ல ஃபேனே கிடையாது, ஏசிக்கு எங்க போறது. ரூம்ல பையைப் போட்டுட்டு நேரா வடக்குப் புறநகர் பக்கம் ரயில் ஏறிட்டேன், அங்க ஒரு மல்டிபிளெக்ஸ்ல சாயங்காலம் ஆறரைக்குத் தமிழ்ப் படம். 2025 ஜனவரியில இருந்து பாரிஸ்ல ஏர்போர்ட் தவிர மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாத்துக்கும் ஒரே விலை, அந்த வருஷம் 2.50 யூரோ, எவ்வளவு தூரம் போனாலும் அதேதான், என்னை மாதிரி வெளியூர்க்காரங்களுக்கு அது ரொம்ப சௌகரியம்.

ஆறரை ஆச்சு, ஏழாச்சு, படம் ஆரம்பிக்கல. எல்லாரும் உள்ள உக்காந்து பத்து நிமிஷம் வெறும் வெள்ளை ஸ்கிரீனைப் பாத்துட்டு, அப்புறம் ஒவ்வொருத்தரா லாபிக்கு வந்துட்டோம். மேனேஜர் பையன் வந்து வேர்த்து விறுவிறுத்து விளக்கினான். இப்பல்லாம் படம் பொட்டியில வர்றதில்ல, ஹார்ட் டிஸ்க்லயோ நெட் வழியாவோ ஃபைலா வருது, ஃபைல் பூட்டியே இருக்கும். திறக்கறதுக்கு கேடிஎம்னு ஒரு சாவி தனியா அனுப்புவாங்க, அது அந்த தியேட்டர்ல குறிப்பிட்ட மெஷினுக்கு மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் இந்த நேரத்துல இருந்து இந்த நேரம் வரைக்கும்னு கெடு வச்சு வரும். வந்த சாவி பக்கத்து ஸ்கிரீனுக்கு உண்டானது, அந்த ஸ்கிரீன்ல வேற படம் ஓடுது. சனிக்கிழமை சாயங்காலம் புதுச் சாவிக்கு யாரைப் பிடிக்கிறது, அதான் பிரச்சினை.

நான் நினைச்சேன் இப்ப சண்டை வரப்போவுதுன்னு. வரல! லாபியே கல்யாண வீடா மாறிடுச்சு. வந்தவங்க முக்கால்வாசி யாழ்ப்பாணத்துக்காரங்க, குடும்பம் குடும்பமா, பாட்டியில இருந்து கைக்குழந்தை வரைக்கும். ஒரு அம்மா பெரிய டப்பாவைத் திறந்து மட்டன் ரோல்ஸ் எடுத்து எல்லாருக்கும் நீட்டிக்கிட்டே வந்தாங்க, என்கிட்ட வந்து, "பிள்ளை, தனியவோ வந்தனீ? இந்தா ஒண்டு எடு, சூடு ஆறேல்ல"ன்னாங்க. ரென்ல இருந்து வர்றேன்னு சொன்னதும், "படம் பாக்கவோ அவ்வளவு தூரம்? அப்ப ரெண்டா எடு"ன்னு இன்னொண்ணு கையில வச்சுட்டாங்க. மேனேஜர் பையனுக்கும் ஒண்ணு கொடுத்தாங்க, அவன் வேண்டாம்னு சொல்லிப் பாத்தான், விடல. காரம் தாங்காம அவன் தண்ணிக்கு ஓடினதைப் பாத்து அவனைத் திட்டிட்டு இருந்த ரெண்டு அண்ணன்களும் சிரிச்சுட்டாங்க, அதோட கோபமெல்லாம் போச்சு. யோசிச்சுப் பாத்தா அந்தப் பையனும் பாவம், அவன் மேல என்ன தப்பு.

எட்டு மணிக்குப் படம் ஆரம்பிச்சுது. டிக்கெட் 15 யூரோ. படத்தைப் பத்தி இங்க எழுதல, படம் பாத்த கூட்டத்தைப் பத்திதான் எனக்கு எழுதணும். கீழ பிரெஞ்சுல சப்டைட்டில் ஓடுது. இங்க பொறந்த பிள்ளைங்க அதைப் படிச்சுட்டுதான் சிரிக்குதுங்க, டயலாக் பாதியில இருக்கும்போதே முன் வரிசையில ஒரு சிரிப்பலை, முழுசும் சொல்லி முடிச்சதும் பின்னாடி அம்மாமார்கள் சிரிப்பு. ஒரே ஜோக்குக்கு ரெண்டு தடவை சிரிப்பு வந்துட்டே இருந்துச்சு, ரெண்டாவது தடவை நானும் சேந்து வாயைப் பொத்தாம சிரிச்சேன். இங்க தியேட்டர்ல இடைவேளை வழக்கம் கிடையாது. ஸ்கிரீன்ல இடைவேளைன்னு எழுத்து வந்துச்சு, பாதிப் பேர் எந்திரிச்சாங்க, அடுத்த செகண்டே ரெண்டாம் பாதி தொடங்கிடுச்சு, எந்திரிச்சவங்க அப்படியே உக்காந்துட்டாங்க. பாத்ரூம் போனவங்களுக்கு வில்லன் எப்ப வந்தான்னு பக்கத்துல இருக்கறவங்க குசுகுசுன்னு கதை சொல்லிட்டே இருந்தாங்க.

முடியறப்ப பதினொன்னு ஆயிடுச்சு. லேட்டானதுக்கு எல்லாருக்கும் ஒரு ஃப்ரீ டிக்கெட் கூப்பன் கொடுத்தாங்க. ரோல்ஸ் கொடுத்த அம்மா தன் மகனைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளையை ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போவம்"னு கார்ல ஏத்திக்கிட்டாங்க, பேரு கூடக் கேக்கல.

ஜூன் 29, ஞாயிறு. பாரிஸ்

இன்னைல இருந்து ஃபெத் துய் சினிமா. வருஷா வருஷம் ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம் வாக்குல நாலு நாள் நாடு முழுக்க சினிமாத் திருவிழா, எந்தப் படமா இருந்தாலும் டிக்கெட் 5 யூரோ. சாதாரண நாள்ல பாரிஸ்ல 12, 14 யூரோன்னு போகும். நான் லீவு போட்டதே இந்த நாலு நாளைப் பாத்துதான்.

காலையில லா ஷப்பேல். கார் துய் நோர் ஸ்டேஷன்ல இருந்து ஃபோபூர் சான்-தெனி தெருவுல நடந்தா பத்து நிமிஷத்துல பாரிஸே காணாமப் போயிடும். தமிழ் போர்டு, நகைக்கடை, புடவைக்கடை, முருங்கைக்காய், கருவேப்பிலைக் கட்டு. மத்தியானம் கொத்து ரொட்டி, 10 யூரோ, ஒரு ஆள் சாப்பிட முடியாத அளவு வந்துச்சு, ஏசி இல்லாத கடையில அந்தத் தவா சத்தத்தோட உக்காந்து வேர்க்க வேர்க்க சாப்பிட்டேன், சூப்பர்.

கடைக்காரர் அறுபது வயசிருக்கும். நேத்து படம் பாத்த கதையைச் சொன்னேன். அவர் கல்லாவுல இருந்தபடியே அவர் கதையைச் சொன்னார். எண்பதுகள்ல வந்தாராம். "அப்ப எங்களுக்கு எங்க தங்கச்சி தியேட்டர்? கசெட்தான். ஒரு கசெட்டை பத்து வீடு பாக்கும், கடைசி வீட்டுக்கு வரேக்க படத்தில மழை பெய்யிற மாதிரி இருக்கும். ஒரு அறையில எட்டுப் பேர் இருந்தனாங்கள், எட்டுப் பேரும் வேலை முடிஞ்சு வந்த பிறகுதான் போடுவம். ஒராள் வர லேட் எண்டா காத்திருப்பம்"னார். ஏன் காத்திருக்கணும், அவர் பிறகு பாத்துக்கலாமேன்னு கேட்டேன். "தனியப் பாத்தா அது படமே?"ன்னு கேட்டுட்டு அடுத்த கஸ்டமர் பக்கம் திரும்பிட்டார். இந்தக் கேள்வி இன்னைக்குப் பூரா மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு.

சாயங்காலம் லு கிராண்ட் ரெக்ஸ். பொன் நுவெல் மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கி வெளிய வந்தா எதிர்லயே நிக்குது. 1932 டிசம்பர்ல திறந்தது, பெரிய ஹால்ல மட்டும் 2,700 சீட்டுக்கு மேல, ஐரோப்பாவுலயே பெரிய சினிமா ஹால் இதுதான். உள்ள போனதும் மேல பாக்கணும். கூரையே ராத்திரி வானம், நட்சத்திரம் மின்னுது, ரெண்டு பக்கமும் ஏதோ கடலோர ஊர் மாளிகை மாதிரி செட்டு போட்ட சுவர். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் ராணுவம் பாரிஸைப் பிடிச்சு வச்சிருந்தப்ப இதை எடுத்து அவங்க சிப்பாய்ங்க படம் பாக்கற தியேட்டரா வச்சிருந்தாங்க, பாரிஸ் ஜனங்க வெளிய நின்னு பாத்திருப்பாங்க. இப்ப இதே ஹால்ல பெரிய தமிழ்ப் படங்கள் வந்தா நம்ம ஆளுங்க கலர் பேப்பர் பறக்க விடற வீடியோவெல்லாம் பாத்திருப்பீங்க.

நான் போனது ஹாலிவுட் படம், பிரெஞ்சு டப்பிங். இங்க ஒவ்வொரு ஷோவுக்கும் பக்கத்துல விஓ, விஎஃப்னு போட்டிருப்பாங்க, விஓன்னா அந்தந்த மொழியிலயே சப்டைட்டிலோட, விஎஃப்னா டப்பிங். பால்கனி மேல ஏறி உக்காந்தேன். ஞாயித்துக்கிழமை, அஞ்சு யூரோ, வெளிய கொளுத்துது, உள்ள ஏசி, கூட்டம் கேக்கவா வேணும். ஆனா விளக்கு அணைஞ்சதும் அவ்வளவு பேரும் ஒரே நேரத்துல அமைதியானாங்க பாருங்க, அதுல எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. நேத்து சத்தத்துல என்ன சந்தோஷமோ அதே சந்தோஷம் இந்த நிசப்தத்துலயும் இருந்துச்சு, எப்படின்னு சொல்லத் தெரியல. பாப்கார்ன் மட்டும் பிடிக்கல, இனிப்பு பாப்கார்ன், 6 யூரோ வேற.

ஜூன் 30, திங்கள். பாரிஸ்

ராத்திரி தூங்கவே இல்ல, ரூம்ல சூடு. நனைச்ச துண்டை நெத்தியில போட்டுட்டுப் படுத்தேன்.

காலையில கப்புசின் பூல்வார்ங்கற ரோட்டுல 14-ம் நம்பர் கட்டடத்தைத் தேடிப் போனேன். ஓப்பரா பக்கத்துலதான். 1895 டிசம்பர் 28-ம் தேதி கிராண்ட் கஃபேன்னு ஒரு காப்பிக்கடையோட தரைக்குக் கீழ் அறையில லூமியேர் குடும்பத்துக்காரங்க (சினிமாவைக் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்ற அண்ணன் தம்பியும் அவங்க அப்பாவும்) காசு வாங்கிட்டு முதல் தடவையா படம் காட்டினாங்க. டிக்கெட் ஒரு ஃபிராங்க். வந்தது 33 பேர். பத்து படம், ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் கூட வராது. அந்த அறைக்குப் பேரு சலோன் இந்தியென், இந்திய அறை! அலங்காரம் அப்படி இருந்ததால அந்தப் பேர். இப்ப அந்த இடம் ஒரு ஹோட்டலோட சேந்திருக்கு, வெளிய சுவர்ல ஒரு கல்வெட்டு. ரோட்டுல போறவங்க யாரும் திரும்பிப் பாக்கல, நான் மட்டும் வெயில்ல நின்னு எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டிருந்தேன்.

அடுத்த ஆறே மாசத்துல, 1896 ஜூலை 7, அதே லூமியேர் ஆளுங்க பம்பாய் வாட்சன் ஹோட்டல்ல படம் காட்டிட்டாங்க. அங்க டிக்கெட் ஒரு ரூபா.

மத்தியானம் லத்தீன் குவார்ட்டர்ல ஷம்போல்லியோன் தெரு. சின்னத் தெரு, ஆனா ஒண்ணை ஒட்டி ஒண்ணு மூணு பழைய தியேட்டர். பெரும்பாலும் பழைய படம்தான் போடுவாங்க. ஒரு பழைய ஜப்பானியப் படத்துக்குப் போனேன், ஜப்பான் மொழி, பிரெஞ்சு சப்டைட்டில், ரெண்டுக்கும் நடுவுல நான். இங்க பாப்கார்ன் விக்கறதே இல்ல. யாரோ ஒருத்தர் பைக்குள்ள கையை விட்டு பிளாஸ்டிக் கவர் சரசரன்னு சத்தம் கேட்டதும் மூணு வரிசையில இருந்து "ஷ்ஷ்"னு வந்துச்சு, அவர் படம் முடியற வரைக்கும் கையை வெளிய எடுக்கல. முடிஞ்சும் யாரும் எந்திரிக்கல. பேரு எல்லாம் ஓடி முடிஞ்சு விளக்கு போட்டப்புறம்தான் எந்திரிச்சாங்க. அந்தப் படத்துல லைட் பிடிச்சவர் செத்து எத்தனை காலமாச்சோ, அவர் பேரையும் இருட்டுல உக்காந்து படிக்கறாங்க. நம்ம ஊர்ல கிளைமாக்ஸ் முடியும்போதே பார்க்கிங்ல வண்டி எடுக்க ஓடறோம், இதை நாம கத்துக்கணும்னு நெஜமாவே தோணுச்சு.

கவுன்ட்டர்ல இருந்த பொண்ணுகிட்ட இவ்வளவு கம்மியான டிக்கெட்ல எப்படி இந்தச் சின்னச் சின்ன தியேட்டரெல்லாம் தாக்குப் பிடிக்குதுன்னு கேட்டேன். பின்னாடி வரிசையில ஆளிருந்தும் பொறுமையா சொன்னா. ஒவ்வொரு டிக்கெட்லயும் 10.72 சதவீதம் வரியாப் பிடிச்சு சிஎன்சின்னு ஒரு அரசு அமைப்புக்குப் போவுது, அந்த அமைப்பு 1946-ல ஆரம்பிச்சது. அந்தக் காசுதான் சுத்தி திரும்ப புதுப் படம் எடுக்கவும், இந்த மாதிரி தியேட்டரைக் காப்பாத்தவும் வருது. ஹாலிவுட் டிக்கெட்லயும் பிடிப்பாங்க, தமிழ்ப் பட டிக்கெட்லயும் பிடிப்பாங்க. அப்படின்னா சனிக்கிழமை அந்த அம்மா வாங்கின டிக்கெட்ல இருந்தும் ஏதோ ஒரு பிரெஞ்சுப் பையனோட முதல் படத்துக்கு கொஞ்சம் போயிருக்கும். எனக்கு அதைக் கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு.

ஜூலை 1, செவ்வாய். பாரிஸ் – லியோன்

பாரிஸுக்கு ரெட் அலர்ட். 38 டிகிரி. ஈஃபில் டவர் உச்சியையே மூடிட்டாங்க, ஏகப்பட்ட பள்ளிக்கூடம் லீவு. லியோனுக்கு ரெண்டு மணி நேர ரயில், எங்க பெட்டியில மட்டும் ஏசி வேலை செய்யல. ஜன்னல் திறக்க முடியாது. அரை மணி நேரத்துல எல்லாரும் வாடி வதங்கிப் போயிட்டோம். தண்ணி பாட்டில் கொண்டு வந்து கொடுத்தாங்க, அப்புறம் வேற பெட்டிக்குப் போய் நின்னுக்கங்கன்னாங்க. பக்கத்து சீட்ல ஒரு பிரெஞ்சுப் பாட்டி, பையில இருந்து மூஞ்சிக்கு அடிக்கற தண்ணி ஸ்பிரே எடுத்து முதல்ல தனக்கு, அடுத்து எனக்கு, அப்புறம் எதிர்ல இருந்த பையனுக்கு, அப்படியே வரிசையா எல்லாருக்கும் அடிச்சுட்டே வந்தாங்க. பாரிஸ்காரங்க பேச மாட்டாங்கன்னு சொல்வாங்களே, இன்னைக்கு அந்தப் பெட்டியில பேசாத ஆளில்ல.

லியோன்ல பையைக் கூட வைக்கல, நேரா மெட்ரோ டி லைன், மோன்பிளேசிர்-லூமியேர் ஸ்டேஷன். மேல வந்தா லூமியேர் அப்பா கட்டின பெரிய மாளிகை, இப்ப மியூசியம். பக்கத்துத் தெருவுக்குப் பேரே முதல் படத் தெரு. அந்தத் தெருவுலதான் அவங்க ஃபோட்டோ பிளேட் செய்யற ஃபேக்டரி இருந்துச்சு, 1895 மார்ச் 19-ம் தேதி அந்த ஃபேக்டரி வாசல்ல கேமராவை வச்சு வேலை முடிஞ்சு தொழிலாளிங்க வெளிய வர்றதைப் படம் பிடிச்சாங்க. பொம்பளைங்கதான் ஜாஸ்தி, தொப்பி போட்டுக்கிட்டு, பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு நாய் குறுக்க ஓடுது, சைக்கிள்ல ஒருத்தர். அம்பது செகண்ட். அந்தப் ஃபேக்டரி ஷெட்ல மிச்சம் நின்ன பகுதியை அப்படியே வச்சு, பழைய மரச்சட்டத்தைக் கண்ணாடிக்குள்ள காப்பாத்தி, உள்ள ஒரு தியேட்டர் கட்டியிருக்காங்க. அவங்க வெளிய வந்த அதே இடத்துல நாம உள்ள போறோம்.

மியூசியத்துல நான் ரொம்ப நேரம் நின்னது ரெண்டு பொருளுக்கு முன்னாடி. ஒண்ணு எடிசனோட கினிடோஸ்கோப். ஆள் உசர மரப்பெட்டி, மேல ஒரு ஓட்டை, குனிஞ்சு கண்ணை வச்சா உள்ள படம் ஓடும். ஒரு தடவைக்கு ஒரே ஆள்தான் பாக்க முடியும். 1894-ல நியூயார்க்ல இதை வரிசையா வச்சுக் காசு வாங்கினாங்க, அதே வருஷம் பாரிஸுக்கும் வந்துச்சு. லூமியேரோட அப்பா அதைப் பாத்துட்டு வந்துதான் பசங்ககிட்ட சொல்லியிருக்கார். இன்னொண்ணு அந்தப் பசங்க செஞ்ச சினிமாட்டோகிராஃப். சின்ன மரப்பெட்டிதான், அஞ்சு கிலோ இருக்கும், கையால சுத்தறது. அதுவே கேமரா, அதுவே பிரிண்ட் போடும், பின்னாடி விளக்கை வச்சா அதுவே புரொஜெக்டர். ஃபிலிமை நிறுத்தி நிறுத்தி இழுக்கற டெக்னிக் தையல் மெஷின்ல துணியை நகத்தறதைப் பாத்து வந்ததாம்.

படத்தை நகர வைக்கறது லூமியேருக்கு முன்னாடியே எடிசனுக்குத் தெரியும். ஆனா அவர் பெட்டிக்குள்ள வச்சார், இவங்க சுவர்ல விட்டாங்க. அதனாலதான் 33 பேர் சேந்து உக்காந்து பாக்க முடிஞ்சது. இத்தனை வருஷமா சினிமாவைக் கண்டுபிடிச்சாங்கன்னா ஏதோ மெஷின் கண்டுபிடிச்சாங்கன்னு நினைச்சிருந்தேன், நெஜமா அவங்க கண்டுபிடிச்சது ஆடியன்ஸை. லா ஷப்பேல் அண்ணா கேட்டாரே, தனியப் பாத்தா அது படமேன்னு, அவருக்கு எடிசனும் தெரியாது லூமியேரும் தெரியாது, ஆனா எட்டுப் பேர் இருந்த ரூம்ல அவருக்கு இது புரிஞ்சிருக்கு. ரென்ல சாத்தின கதவுக்குள்ள ஹெட்ஃபோனோட நான் பாத்துட்டிருக்கறது எடிசன் பெட்டிதான். வெளிநாட்டுல இருக்கற நம்ம ஆளுங்க நெறையப் பேர் அப்படித்தான் பாக்கறோம். தமிழ்ப் படம் நாலு வாரத்துல ஓடிடிக்கு வந்துடுது, எதுக்கு அலையணும்னு இருந்துடறோம். இங்க பிரான்ஸ்ல சட்டமே வேற, தியேட்டர்ல வந்த படம் வாடகைக்கு வரவே பொதுவா 4 மாசம், நெட்ஃபிளிக்ஸுக்கு 15 மாசம். முதல்ல எல்லாரும் சேந்து பாருங்க, அப்புறம் வீட்டுல பாத்துக்கலாம்னு ஒரு நாடே முடிவு பண்ணி வச்சிருக்கு.

ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். எங்க ஊர் கோயம்புத்தூர். திருச்சியில ரயில்வே ஆபீஸ்ல டிராஃப்ட்ஸ்மேனா இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட்டுங்கறவர் 1905-ல, ஊர் ஊரா படம் காட்டிட்டு வந்த துபோன்ங்கற பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராப் போய்க் காட்டினார். அப்புறம் 1914-ல கோயம்புத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டினார். அந்த ரோட்டுக்கு இன்னைக்கும் வெரைட்டி ஹால் ரோடுன்னுதான் பேரு, சின்ன வயசுல அதுல எத்தனையோ தடவை நடந்திருக்கேன். பிரான்ஸ்ல இருந்து வந்த ஒரு பெட்டிதான் எங்க ஊருக்கு சினிமாவைக் கொண்டு வந்ததுன்னு அப்பாகிட்ட சொன்னா, அப்பா, "அட, அதே இடந்தான் சாமி, அப்புறமா டிலைட் தியேட்டரு ஆச்சு. பெஞ்சு டிக்கெட்ல நானும் உங்க பெரியப்பாவும் போவோம். படம் எதுன்னு ஞாபகமில்ல, யாராரு கூட வந்தாங்கன்னு சொல்லச் சொல்லு, அத்தனை பேரையும் சொல்லுவேன்"ன்னார். சொன்னார். பாதிப் பேர் இப்ப உயிரோட இல்ல.

ஜூலை 2, புதன். லியோன் – லா சியோத்தா

புதன்கிழமைதான் இங்க புதுப் படம் ரிலீஸ். நம்ம ஊர்ல வெள்ளிக்கிழமை மாதிரி. இன்னைக்கு 5 யூரோவுக்குக் கடைசி நாளும் கூட, அதனால காலை பத்து மணி ஷோவுக்கே லியோன்ல வரிசை. வரிசையில பாதி வயசானவங்க. எனக்கு முன்னாடி நின்ன பாட்டிகிட்ட எந்தப் படம்னு கேட்டேன், "எது நீளமோ அது"ன்னாங்க. வீட்டுல 34 டிகிரியாம், டாக்டர் குளிர்ச்சியான இடத்துல ரெண்டு மூணு மணி நேரமாவது இருக்கச் சொன்னாராம். உள்ள போனா இன்னும் அந்த மாதிரி நெறையப் பேர், தியேட்டர் ஆளுங்க கப்புல தண்ணி கொடுத்துட்டே இருந்தாங்க, படம் முடிஞ்சும் உக்காந்திருந்தவங்களை எந்திரிக்கச் சொல்லல.

மார்செய்ல ரயில் மாறி லா சியோத்தா. ஸ்டேஷன்ல இருந்து ஊர் தள்ளி இருக்கு, பஸ் பிடிச்சு கடற்கரைக்கு வந்தேன். கடல் காத்து மூஞ்சில பட்டதும்தான் உயிர் வந்துச்சு. பனிஸ்னு ஒரு பண்டம், கொண்டைக்கடலை மாவைக் களி மாதிரிக் கிண்டி ஆறவச்சு வெட்டிப் பொரிச்சுத் தர்றாங்க, மேல உப்பு, மிளகு. ஒரு பொட்டலம் 4 யூரோ, கடற்கரைச் சுவர்ல உக்காந்து சாப்பிட்டேன், பச்சை மிளகாய் மட்டும் இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

ஈடன் தியேட்டர் கடலைப் பாத்து நிக்குது, மஞ்சள் சுவர். 1889-ல கட்டினது, சினிமாவே வர்றதுக்கு முன்னாடி நாடகம், பாட்டுக் கச்சேரிக்குன்னு கட்டினது. 1899-ல இருந்து இங்க படம் ஓடியிருக்கு, நடுவுல மூடி, இடியற நிலைமைக்கு வந்து, 2013-ல புதுப்பிச்சுத் திறந்தாங்க. இன்னும் படம் ஓடற தியேட்டர்ல உலகத்துலயே பழசு இதுதான்னு சொல்றாங்க. உள்ள சின்னது. மர பால்கனி, சிவப்பு சீட்டு. நடத்தறது ஒரு சங்கம், வாசல்ல டிக்கெட் கிழிக்கறவர்ல இருந்து பாதிப் பேர் சம்பளம் இல்லாம வர்ற ஊர்க்காரங்க.

படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பெரியவர் ஸ்கிரீன் முன்னாடி வந்து நின்னு ரெண்டு நிமிஷம் அந்தப் படத்தைப் பத்திப் பேசினார். யார் எடுத்தது, என்ன பாக்கணும், எதைக் கவனிக்கணும்னு. பேசி முடிச்சுட்டு அவரும் முன் வரிசையில உக்காந்துக்கிட்டார். தியேட்டர்காரரே நம்மளோட உக்காந்து படம் பாக்கறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

ஜூலை 3, வியாழன். லா சியோத்தா

காலையில மறுபடி ஸ்டேஷனுக்கு, இந்தத் தடவை வேடிக்கை பாக்க. லூமியேர் குடும்பத்துக்கு இந்த ஊர்ல பெரிய வீடு இருந்துச்சு, லீவுக்கு வருவாங்க. ரயில் ஒண்ணு ஸ்டேஷனுக்குள்ள வர்ற அவங்களோட பிரபலமான படத்தை இந்த பிளாட்ஃபார்ம்லதான் எடுத்தாங்க. ரயில் மேல ஏறிடும்னு பயந்து ஜனங்க ஓடினாங்கன்னு ஒரு கதை இருக்கே, ஆராய்ச்சி பண்றவங்க அதை நம்பறதில்ல. பாரிஸ்ல முதல் நாள் காட்டின பத்துல இந்தப் படம் கிடையாது, அடுத்த மாசம்தான் வந்துச்சு. பிளாட்ஃபார்ம்ல நடக்கறவங்கள்ல லூமியேரோட அம்மாவும் அவங்க வீட்டுப் பிள்ளைங்களும் இருக்காங்க. ஓடினாங்களோ இல்லையோ, எனக்கு அந்தக் குடும்பம் லீவுல வந்த இடத்துல எடுத்த வீடியோவாத்தான் அது தெரியுது, அதனாலயே இன்னும் பிடிக்குது.

இந்த ஊர்லதான் பெத்தாங்க் விளையாட்டும் பொறந்துச்சு. மத்தியானம் மரத்தடியில தாத்தாக்கள் இரும்புக் குண்டை உருட்டி விளையாடிட்டு இருந்தாங்க. நேத்து ஸ்கிரீன் முன்னாடி பேசின பெரியவரும் அங்க இருந்தார், அடையாளம் கண்டுபிடிச்சு கூப்பிட்டு பெஞ்ச்ல உக்கார வச்சார். எங்கிருந்து வர்றேன், ஏன் வந்தேன்னு விசாரிச்சார். சொன்னேன். ரென்ல தமிழ்ப் படமே வராதுன்னும் சொன்னேன். "கேட்டுப் பாத்தீங்களா?"ன்னார்.

யாரும் கேட்டதில்ல.

அவர் சொன்னது இதுதான். பிரான்ஸ்ல சின்ன தியேட்டர்கள் நெறைய நகராட்சியோடது, இல்லாட்டி சங்கம் நடத்தறது. கூட்டம் வரும்னு தெரிஞ்சா ஒரு ஷோவுக்கு இடம் கொடுப்பாங்க. நாலு பேர் சேந்து போய்ப் பேசணும், எத்தனை பேர் வருவாங்கன்னு எழுதிக் கொடுக்கணும், பிரான்ஸ்ல அந்தப் படத்தை விநியோகம் பண்றவங்ககிட்ட பேசி சப்டைட்டிலோட வாங்கணும், ஞாயித்துக்கிழமை காலை ஷோன்னா ஈஸி. ஈடனையே இந்த ஊர் ஜனங்க அப்படிக் கத்திக் கத்தித்தான் திறக்க வச்சாங்கன்னார். எத்தனை பேர் தேவைப்படும்னு கேட்டேன். "முதல் ஷோவுக்கு 33 பேர்தான் வந்தாங்க, தெரியுமில்ல?"ன்னு சொல்லிட்டு குண்டை எடுத்துக்கிட்டு விளையாடப் போயிட்டார்.

மார்செய் போற ரயில்ல உக்காந்து ரென் தமிழ் வாட்ஸாப் குரூப்ல எழுதினேன். தீபாவளி, பொங்கல் வாழ்த்தும் வாடகை வீடு விசாரிப்பும் தவிர அந்த குரூப்ல பெருசா எதுவும் நடக்காது. இன்னைக்கு மடமடன்னு பதில். ஒரு அக்கா தன் ரெண்டு பிள்ளைங்களையும் சேத்து நாலு டிக்கெட்னாங்க, பிள்ளைங்க தியேட்டர்ல தமிழ்ப் படம் பாத்ததே இல்லையாம். பாண்டிச்சேரிக்காரர் ஒருத்தர், இங்க நாப்பது வருஷமா இருக்கார், நகராட்சியில ஆளைத் தெரியும், திங்கக்கிழமை கூட வர்றேன்னிருக்கார். யூனிவர்சிட்டி பசங்க ஆறு பேர். ராத்திரிக்குள்ள இருபதைத் தாண்டிடுச்சு.

ரென், நாந்த், சான் மாலோ, லோரியான் பக்கம் யாராவது இதைப் படிச்சீங்கன்னா எழுதுங்க, எத்தனை பேர், எந்தக் கிழமை வசதின்னு மட்டும் சொன்னாப் போதும். பிரெஞ்சு ஃபிரெண்ட்ஸையும் கூட்டிட்டு வாங்க, சப்டைட்டில் இருக்கும். இடைவேளை விடணும்னு முன்கூட்டியே பேசிடலாம், அதுக்கு நான் பொறுப்பு. யாருக்காவது ரோல்ஸ் செய்யத் தெரிஞ்சா அதையும் சொல்லுங்க.